நொய்யலின் உப்பு யார் கணக்கில்?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் நொய்யலைப் பற்றி எழுதினால், நம் நெசவாள அங்கத்தினர்கள் சற்று முகம் சுளிக்கக்கூடும். விவசாய அங்கத்தினர்களோ, இன்னும் காரமாக எழுதியிருக்கலாமே என்பார்கள். இரு சாராரும் ஒரே சங்கத்தில் இருப்பதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டிய அணை 1992-இல் திறக்கப்பட்டது. பாசனம் அளிப்பது நோக்கம். தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீரைப் பாசனக்காரரே வேண்டாமென்று கோர்ட்டுக்குப் போகும் விபரீதம் நேர்ந்தது.

குற்றவாளி நிறம் என்றே பலரும் நினைக்கிறார்கள். நிறத்தைத் தெளியவைத்துப் பெருமளவு நீக்கிவிடலாம். தொல்லை உப்பில் இருக்கிறது. பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு வேண்டும். அது சாயத்தை நூலின் பக்கம் தள்ளுமே தவிர, தான் நூலில் தங்குவதில்லை. தொட்டியிலிட்ட உப்பு அலசும் நீரோடு வெளியேறிவிடுகிறது. பார்வைக்குத் தெளிந்த அந்த நீர் கிணற்றில் இறங்குகிறது, மண்ணை இறுக்குகிறது, தென்னையை வாட்டுகிறது. சவ்வில் வடிகட்டி, எஞ்சியதைக் காய்ச்சி வற்றவைத்தாலன்றி உப்பு பிரியாது. அதற்குச் செலவு அதிகம். அந்தச் செலவை மிச்சம் பிடித்துத்தான் துணி மலிவாயிற்று.

2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட், கழிவை அறவே வெளியேற்றாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தொழிலாளர் பட்ட துன்பம் சிறிதன்று. ஆயினும் உத்தரவு சரியே என்பது நம் கருத்து.

பருத்தியின் பேரால் நீர் கெட்டது இங்கு மட்டுமன்று. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960-களிலிருந்து அதன் ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் பெரும்பகுதி வற்றி உப்புப் பாலையாயிற்று. அங்கே விளைவித்தவர் செய்ததை இங்கே சாயமிட்டவர் செய்தோம்.

ஆகவே, சாயமிட்ட நூலை வாங்கும்போது எந்தப் பட்டறை, அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்பதைக் கொள்முதல் சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். இதனால் சாயக் கூலி கூடினால், அதை நெசவாளியின் தலையில் கட்டாமல் ஒரு பங்கைச் சங்க லாபத்திலிருந்து கொடுக்கலாம். வரும் மகாசபையில் விவசாய அங்கத்தினர் ஒருவர் இதைப் பிரேரேபித்து, நெசவாளர் ஒருவர் ஆமோதிப்பாராயின் நன்று.