பெயரா, ஆய்வகமா?

இயற்பியலில் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் ஒளியியலையும் சூரிய ஆற்றலையும் மேற்படிப்பாகக் கொள்ள விரும்பினால், வீட்டில் முதலில் எழும் வினா, "எந்தக் கல்லூரிக்குப் பெயர் அதிகம்?" என்பதே. எந்த ஆய்வகத்தில், எந்த வழிகாட்டியின் கீழ், எதைச் செய்து பார்க்கலாம் என்பதன்றோ முதலில் கேட்கத்தக்கது?

இவ்விரண்டும் தொடர்பற்ற துறைகள் எனச் சிலர் எண்ணுவர். மொட்டைமாடியிலுள்ள சூரியத் தகட்டின் நீல நிறமே அதற்கு விடை கூறும். மெருகேற்றிய சிலிக்கான், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதனைத் தடுக்கச் சிலிக்கான் நைட்ரைடு என்னும் பொருளைத் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள படலமாகப் பூசுகின்றனர். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டு மீளும் ஒளியலைகள் ஒன்றையொன்று தணிக்கின்றன. நீல ஒளி மட்டும் சற்றுத் தப்பி மீள்வதால் தகடு நீலமாகத் தோன்றுகிறது. சோப்புக் குமிழியின் வண்ணங்களும் இத்தகைய அலை விளையாட்டே. எனவே, படலம் பூசும் கருவியும் ஒளியை அளக்கும் கருவியும் ஓரிடத்தில் அமைந்த ஆய்வகமே இம்மாணவருக்கு உகந்தது.

சூரிய மின்கல ஆய்வில் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகமும், ஒளியியலில் 1929-இல் தொடங்கிய அமெரிக்காவின் ராச்செஸ்டர் நிறுவனமும் புகழ்பெற்றவை. மும்பை ஐ.ஐ.டி.யிலும் சூரிய மின்கல ஆய்வுக்கெனத் தேசிய மையம் உண்டு. அயல்நாட்டு முதுநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் குடும்பமே பணம் கட்ட வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்கோ பல இடங்களில் உதவித்தொகை கிடைக்கும். பெயரை நம்பிப் பெருங்கடன் வாங்குவோர் இதனை முன்னரே அறிதல் நன்று.

பெயரால் பயனே இல்லை என்பதன்று. வேலை தேடும் நாளில் அது கதவைத் திறக்கும். ஆயினும், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1907-இல் கொல்கத்தா சென்றது நிதித்துறை அலுவலராகவே. அலுவல் நேரத்துக்கு முன்னும் பின்னும் பவுபஜார் தெருவிலிருந்த அறிவியல் கழகத்தில் ஆராய அவருக்கு இடம் கிடைத்தது. கழகம் அப்போது பெரும்பாலும் ஆளற்றுக் கிடந்தது. அங்கேதான், முதலில் சூரிய ஒளியையே விளக்காகக் கொண்டு, 1928-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது.

விண்ணப்பிக்கும் மாணவர், அங்கே இப்போது ஆராய்வோருக்கு ஒரு மடல் எழுதலாம். கருவி இருக்கிறதா என்பதோடு, அது இயங்குகிறதா, புதிதாக வருபவர் அதனைத் தொட எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.