கடிகாரம் வைத்தா படிப்பு வரும்?

போன வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன் தமிழ்ப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். எதிரில் மகள், கையில் செல்போன். "ரெடி, ஸ்டார்ட்" என்றாள். பையன் மூச்சு விடாமல் ஓட்டினான். ஒரு நிமிடம் ஆனதும் போன் அலறியது.

"நாற்பத்தெட்டு! நேத்தைக்கு விட ஆறு வார்த்தை கூட" என்று அவளுக்குச் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் இப்படிப் பழக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம்.

"என்னடா கதை அது?" என்று கேட்டேன். புத்தகத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "அதெல்லாம் கேக்க மாட்டாங்க தாத்தா" என்றான்.

34 வருஷம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இல்லை. 2021-ல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்கிறது. 'பொருள் புரிந்து' என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து சேரும்போது 60 மட்டும் மிஞ்சுகிறது. எண்ணை எண்ணிவிடலாம். புரிந்ததா என்று பார்க்கப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு யாருக்கு நேரம்?

வேகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, வரியின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பத்தை மறந்துவிடும். சரளம் வேண்டும். ஆனால் அது புரிவதற்கான வழி மட்டுமே.

தமிழில் இன்னொரு சங்கதியும் உண்டு. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் பிடிபட்டுவிட்டால், அர்த்தம் தெரியாத பக்கத்தைக்கூடக் கடகடவென்று வாசித்துவிடலாம். வாய் ஓடுவதை வைத்து மனசு ஓடுகிறது என்று சொல்ல முடியாது. மேலும், 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொல். இரண்டுக்கும் ஒரே 60 என்றால் எந்த ஊர் நியாயம்?

ஊருக்கு உபதேசம் செய்யும் முன், என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்தபோது, வாசிப்புச் சோதனைக்காக இரண்டு பிள்ளைகளை அழைத்தேன். நாலே வரி. அம்மா சந்தையில் தக்காளி வாங்கினாள். பையில் ஓட்டை இருந்தது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

அந்தப் பெண் ஒரே மூச்சில் படித்தாள். பையன் 'ஓட்டை' என்ற இடத்தில் நின்றான், திரும்பவும் முதல் வரிக்குப் போனான், திணறித் திணறி முடித்தான். பெண்ணுக்கு 'நன்று', பையனுக்கு 'முயற்சி தேவை' என்று எழுதினேன். பிறகு சும்மா கேட்டேன், அம்மா ஏன் அழுதாள் என்று. பெண், "அப்படிப் போடலையே சார்" என்றாள். பையன் மெதுவாக, "தக்காளி எல்லாம் வழியிலயே விழுந்திருக்கும் சார்" என்றான்.

அவன் நின்றது எழுத்து தெரியாமல் இல்லை. யோசித்ததால் நின்றிருக்கிறான். ஆனால் படிவத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை. நான் மதிப்பெண்ணை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கும் உறுத்துகிறது.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியைச் சத்தமாகப் படிப்பார், எழுத்து தெரியாத நாலு பேர் கேட்பார்கள். "யாரு பண்ணாங்க? எதுக்கு?" என்று குறுக்கே கேள்வி வரும். புரியாமல் படித்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். அதைவிட நல்ல தேர்வை நான் பயிற்சி வகுப்புகளில்கூடப் பார்த்ததில்லை.

ஆசிரியர்களும் பெற்றோரும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிள்ளை படித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். தன் வாயால் கதை சொல்லட்டும். பிறகு, விடை எந்த வரியிலும் நேராக இல்லாத ஒரு கேள்வி கேளுங்கள். ஏன், அப்புறம் என்ன ஆகும், நீயா இருந்தா என்ன செய்வே? இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். திட்டம் போடுகிறவர்கள் அந்த ஐந்து நிமிடத்துக்கும் படிவத்தில் ஒரு கட்டம் ஒதுக்கட்டும்.

மறுநாள் காலை பேரனோடு அதே பாடத்தை உட்கார்ந்து படித்தேன், போன் இல்லாமல். இரண்டு இடத்தில் நின்று கேள்வி கேட்டான். ஓர் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

மகள் கேட்டாள், "ஸ்பீடு குறைஞ்சிடுச்சுன்னு ஸ்கூல்ல கேட்டா என்னப்பா சொல்றது?"

"எங்கப்பாதான் கெடுத்தார்னு சொல்லு" என்றேன்.