நத்தை வழக்கும் வக்கீல் பீஸும்

குக்கர் வெடித்துக் கை வெந்தாலும், வக்கீல் செலவுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்பவர்களே இங்கு அதிகம். அவர்கள் ஒரு பழைய வழக்கை அறிவது நல்லது.

1928-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், தோழி வாங்கித் தந்த ஜிஞ்சர் பீரைக் குடித்தார் மே டோனஹ்யூ. மீதியைக் கோப்பையில் ஊற்றியபோது, உள்ளே இருப்பது தெரியாத அந்தப் பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாம். வயிறு கெட்டுப் படுத்துவிட்டார். காசு கொடுத்தவர் தோழி. அதனால் கடைக்காரரைக் கேட்க முடியாது. டோனஹ்யூவோ ஏழை. வழக்கை எடுத்த வக்கீல் வால்டர் லீச்மன், பாட்டிலில் சுண்டெலி கிடந்த வழக்குகளில் தோற்றுச் சில வாரங்களே ஆனவர்! நெஞ்சழுத்தம்தான். ஏழை மனுதாரருக்கான சலுகையோடு வழக்கு, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. 1932-ல், வாங்காமல் பயன்படுத்தியவருக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு என 3-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பானது.

நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். சிக்கலான வழக்கென்றால் வைத்துக்கொள்வதே மேல். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசும் வக்கீலை நம்பவேண்டாம்; பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை.

உடைந்த பொருளைக் கம்பெனிக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். பில், மருத்துவச் சீட்டோடு பத்திரப்படுத்துங்கள். புகார் தர இரண்டு ஆண்டுகள்தான் கெடு.

– வாசகர், மதுரை