உயர்ந்த பதவியும் உடுக்கும் உடையும்

கற்றுத் தேர்ந்து உத்தியோகம் பெற்ற இளைஞன் முதன்முதற் சென்று நிற்கும் இடம் ஜவுளிக்கடையே. சில ஆண்டு கழித்து மேலுத்தியோகம் வாய்க்கும்போது அவன் மறுமுறையும் அங்கே சென்று நிற்கிறான். ஆனால் இம்முறை அவன் முகத்தில் மகிழ்ச்சியினும் கவலையே மிகுதி. நேற்றுவரை கட்டம்போட்ட சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு தோழரோடு தோழனாய் வேலை பார்த்தவன், நாளைமுதல் அத்தோழர்க்கே தலைவனாக நாற்காலியில் அமர வேண்டும். பெண்களுக்கும் இதே கவலை உண்டு. இதுகாறும் உடுத்தவை இனி ஆகாவோ? ஆகாவெனின், அவற்றோடு தம் இயல்பும் போய்விடுமோ? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

உடையைப் பற்றியும் ஒரு வியாசமோ என நகைப்பாரும் உளர். நம் நாட்டில் உடை ஒருபோதும் அற்பப் பொருளாயிருந்ததில்லை. நமக்குத் தெற்கேயுள்ள நிலம் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த நாளில், நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு துன்புற்றனர். 1859 ஜூலையில் வெளிவந்த அரச விளம்பரம் மார்பை மறைக்க இசைவு தந்தபோதும், உயர்குலத்தார் அணியும் விதமாக அணிதல் கூடாதென்ற தடையை விட்டே வைத்தது. அது பழங்கதை என்போர் அண்மைக் காலத்தையும் நோக்குக. 2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள் வேட்டி உடுத்துச் சென்ற காரணத்தால் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க விடுதியினுள் நுழைய முடியவில்லை. நாட்டில் எழுந்த ஆரவாரத்தின் பயனாக, ஆகஸ்டு மாதத்திலேயே சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. வேட்டி உடுத்தவரைப் பொது இடங்களிலும் விடுதிகளிலும் தடுப்போர்க்கு ஓராண்டுவரை சிறையும் 25,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் இடந்தந்தது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர் எத்தகைய உடையில் வரவேண்டுமென அரசாணை பிறந்தது. 2024-இல் துணை முதலமைச்சர் ஒருவர் டீ-சர்ட்டு அணிந்து அரசாங்கக் காரியங்களுக்கு வருதல் தகுமோ என உயர்நீதிமன்றத்தில் வழக்கே தொடுக்கப்பட்டது. ஆதலின் பதவிக்கும் உடைக்கும் உள்ள தொடர்பு ஆராயத்தக்கதே.

இவ்விஷயத்தில் இரு கட்சியினர் உளர். பதவி மாறியதும் அனைத்தையும் மாற்றுக என்பார் ஒரு சாரார். ஒன்றையும் மாற்றற்க, திறமை உடையில் இல்லை என்பார் மற்றொரு சாரார். வேதாகமத்தில் இரண்டிற்கும் சான்று உண்டு. சிறையிலிருந்து பார்வோன்முன் அழைக்கப்பட்ட யோசேப்பு, முகம் திருத்தி ஆடை மாற்றிக்கொண்டே அரசவை புகுந்தான். தாவீதோ, சவுல் தனக்கு அணிவித்த போர்க்கவசம் தனக்குப் பழக்கமில்லாதது எனக் கண்டு, அதனைக் களைந்து வைத்துவிட்டுத் தன் கவணோடு களம் புகுந்தான். முன்னவன் மாற்றினான், பின்னவன் மறுத்தான். இருவரும் செய்தது நன்றே. எனவே மாற்றுவதா மாற்றாதிருப்பதா என்பதன்று வினா. எதற்காக மாற்றுகிறோம் என்பதே வினா.

இதனை விளக்க நம் தாமிரபரணி நாட்டு மலையையே எடுத்துக்கொள்வோம். மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எண்ணாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனியார் அவற்றை உண்டாக்கினர். தோட்டத்துப் பெண்டிர் கொழுந்து பறிக்கச் செல்லுங்கால் உடுத்தும் உடையைக் கண்டோர் அறிவர். சேலையின்மேல் ஆண்கள் சட்டை. இடுப்பைச் சுற்றி நீர் புகாத கனத்த விரிப்பு. தலையில் மடித்த துணி. குளிரும் அட்டையும் ஈரச் செடியும் வகுத்துக் கொடுத்த உடை அது. அழகு கருதியதன்று, ஆயினும் அதனிற் பொய் சிறிதும் இல்லை. தொழில் எதனைக் கேட்டதோ அதனையே உடுத்தனர்.

இனித் தோட்டத்து அதிகாரத்தின் உடையையும் பார்ப்போம். இலங்கை மலையகத்தில் பெரிய கங்காணி என்றதும் நினைவில் எழுவன கோட்டும் தலைப்பாகையுமே. அவரும் தம் ஆட்களைப் போலத் தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து கப்பலேறியவரே. வேட்டியின்மேல் ஒரு கோட்டு ஏறியது, அவ்வளவே வேறுபாடு. மலைக் குளிருக்குக் கோட்டு வேண்டுவதே. ஆனால் குளிர் அனைவர்க்கும் ஒன்றாயிருக்க, கோட்டு மட்டும் ஒருவர்க்கே இருந்தமையால், அது குளிரைத் தடுப்பதினும் மனிதரைத் தடுப்பதற்கே மிகுதியும் பயன்பட்டது. தன் ஊரான் தன்னிடம் அஞ்சி ஒதுங்கி நிற்றற்கென்று உடுக்கும் உடை எதுவோ, அதுவே பதவிக்கு ஆகாத உடை என்பது என் துணிபு.

அதே மலையில் இதற்கு மாறான காட்சியும் ஒன்று உண்டு. ஜமீன் ஒழிந்து பல்லாண்டு சென்ற பின்னும், சிங்கம்பட்டியின் கடைசி ஜமீன்தாராகிய முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள், ஆடி அமாவாசையன்று காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் ராஜ உடை பூண்டு மக்களுக்குக் காட்சி தந்து வந்தார். 2020-இல் அவர் காலமானார். ஆணையிடும் அதிகாரம் அவ்வுடைக்குள் இல்லை; ஆதலால் அதனைக் கண்டு எவரும் ஒதுங்கவில்லை, நெருங்கி வந்தே கண்டனர். எனவே பிழை பட்டிலும் இல்லை, கோட்டிலும் இல்லை. உடுப்போன் கருத்திலேயே உள்ளது.

இக்கருத்தைப் பெரியோர் இருவர் வாழ்வால் உறுதிசெய்யலாம். 1931-இல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேஜை மாநாட்டில் காந்தியடிகளும் அம்பேத்கர் அவர்களும் அமர்ந்திருந்தனர். முன்னவர், 1921 செப்டம்பரில் நம் மதுரையில் மேற்கொண்ட அரையாடையோடே சென்றார். அரண்மனை விருந்துக்கும் அவ்வாறே சென்றார். பின்னவர் மேனாட்டுக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து செம்மையாக வீற்றிருந்தார். எளிய உடையே உயர்ந்ததென்று கூறி ஒருவரைப் புகழ்ந்து மற்றவரைக் குறைகூறல் அறியாமை. துணியில்லாத ஏழையர் பொருட்டுப் பேசியவர் துணியைக் குறைத்தார். நல்ல துணி உடுக்கவும் தடுக்கப்பட்ட மக்கள் பொருட்டுப் பேசியவர் நல்ல துணியை நிறைவாய் உடுத்தார். தாம் யாருக்காக அங்கே சென்றனர் என்பதை இருவரும் மறந்திலர். இது தலைவர்க்கு மட்டும் உரிய நெறியன்று. நம் ஜில்லாவில் டோனாவூரில் குழந்தைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், அயர்லாந்திற் பிறந்தவராயினும், தம்முடன் உழைத்தோரோடு இந்நாட்டு உடையையே உடுத்தார். அவர் கையிற் பெரிய பொறுப்பு இருந்தது. குழந்தை கிட்ட வருதற்கு அவர் உடை தடையாகவில்லை.

நிற்க. உடையைப் பொருட்படுத்தாதே என்று ஏழை வீட்டு மாணவனுக்கு உபதேசிப்பது எளிது. ஆனால் அது நியாயமன்று. செல்வன் மகன் சாயம்போன சட்டையோடு அலுவலகம் சென்றால் எளிமை என்று உலகம் புகழும். தொழிலாளி மகன் அதே சட்டையோடு சென்றால் இவனுக்கு இவ்வளவே தெரியும் என்று இகழும். ஒரே சட்டைக்கு இரண்டு தீர்ப்பு! இவ்வநீதியை ஒழிக்க வேண்டுவதுதான். ஒழியும் வரையில், முதல் தலைமுறையாக மேற்பதவி ஏறுவோன் உடையில் கவனம் செலுத்துவதை ஆடம்பரம் என்று பழித்தல் தகாது. அது அவனுக்குக் கவசம். எனினும் அது சவுலின் கவசமாய் அவனையே அழுத்தாதிருத்தல் வேண்டும்.

அதற்கான வழிகள் சிலவற்றைக் கூறி முடிப்பேன். முதலாவது, பதவி கேட்பது விலையை அன்று, ஒழுங்கையே. வெளுத்து, மடிப்புக் கலையாமல், உடம்பின் அளவுக்குத் தைத்த பருத்திச் சட்டை நான்கும், அடக்கமான நிறத்துக் கால்சட்டை இரண்டும், துடைத்த செருப்பு ஒரு ஜோடும் இருப்பின் எந்த நாற்காலிக்கும் போதும். அளவு பொருந்தாத விலையுயர்ந்த ஆடையினும் தையற்காரரிடம் திருத்திய பழைய ஆடை நன்று. கடன்பட்டு ஒரே நாளில் அனைத்தையும் வாங்கற்க. மாதம் ஒன்றாகச் சேர்த்துக்கொள்க.

இரண்டாவது, வெயிலை மறவற்க. மாஞ்சோலையில் கோட்டு உடம்புக்கு இதம். சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் அதுவே தண்டனை. வேர்த்து விறுவிறுத்துக் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டிருப்பவனுடைய சொல்லில் எவருக்கும் நம்பிக்கை பிறவாது. வேட்டியும் வெண்சட்டையும் தக்க உடை என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட பின்னர் நாம் அதற்கு நாணுவானேன்?

மூன்றாவது, தனக்கென ஒன்றை விடாது வைத்துக்கொள்க. மலையினின்று இறங்கிக் கல்லிடைக்குறிச்சி வழியே வருவோர்க்கு அண்மையில் உள்ளது வீரவநல்லூர். அங்குத் தறியில் நெய்யும் செடிபுட்டாச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செடியும் பூவுமாய் இழையோடும் அச்சேலையை உடுத்து மேலதிகாரி நாற்காலியில் அமரும் பெண்ணுக்கு, கண்ணியமும் குறையாது, தன் ஊரும் விட்டுப்போகாது. வண்ணச் சட்டையில் விருப்பமுடையோன் அவ்வண்ணத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வண்ணத்தையே துறக்க வேண்டுவதில்லை. மாலையில் வீடு திரும்பிச் சாரம் உடுத்துத் திண்ணையில் அமர்வதால் எவருடைய பதவியும் இறங்கிவிடாது.

இறுதியாக, புதிய உடை உடுத்ததும் கண்ணாடியைக் கேளாதீர்; வாயிற்படியைக் கேளுங்கள். மாஞ்சோலைக் குத்தகை 2028-இல் முடிய இருக்க, 2024 ஜூனிலேயே கம்பெனி தோட்ட வேலையை நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தோர் வீட்டையும் பென்ஷனையும் பிள்ளைகளின் படிப்பையும் பற்றி மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்க நேர்ந்தது. அத்தகைய அலுவலகங்களில் நாளை அமரப்போகிறவர் இக்கலாசாலை மாணவரே. அவருள் மலையிற் பிறந்தோரும் இருப்பர். கையில் மனுவோடு ஒரு மூதாட்டி வாயிலில் நிற்கும்போது, உள்ளே அமர்ந்திருப்பவரின் உடையைக் கண்டு, இவர் வேலை தெரிந்தவர் என்ற நம்பிக்கையும், இவரிடம் பேசலாம் என்ற துணிவும் ஒருங்கே அவளுக்குப் பிறக்குமாயின், அவ்வுடை பட்டாயினும் பருத்தியாயினும் அப்பதவிக்கு ஏற்றதே.