பெயரைப் பார்த்து ஆள் எடுத்தால் போதுமா?

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகம் 1920-ல் தோன்றியது. பிரிவினையில் வீடு வாசலை இழந்து வந்த மக்கள் அதைத் தங்கள் சொந்தக் கழகமாகவே கருதினார்கள். பழம்பெருமை மிக்க அந்தக் கழகம் 2020-ல் இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் சேர்ந்தது. அதன்பின் 2024-25 வரை 5 பருவங்களில் அது பிடித்த இடங்கள்: 9, 11, 9, 9, 9. முதல் 6 இடங்களுக்குள் ஒருமுறைகூட வரவில்லை.

இதற்கு ஆட்டக்காரர்களைச் சேர்த்த முறையே முக்கியக் காரணம் எனலாம்.

கடைசி நேர அவசரம்

2020-ல் லீக்கில் இடம் உறுதியானது செப்டம்பரில். போட்டி தொடங்கியதோ நவம்பரில். மறு ஆண்டு முதலீட்டாளருடன் ஒப்பந்தத் தகராறு. மீண்டும் கடைசி நேரத்தில் ஆள் தேடினார்கள். சந்தை கலையும் நேரத்தில் போனால் வாடிய காய்தானே கிடைக்கும்? 2021-22 பருவத்தில் 20 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி!

பயிற்சியாளர்களும் நிலைக்கவில்லை. ஃபவுலர், டயஸ், ரிவேரா, கான்ஸ்டன்டைன், குவாத்ராத், புரூசோன் என 2020 முதல் 2024 வரை 6 பேர் பொறுப்பேற்றார்கள். ஒருவர் விரும்பி எடுத்த ஆட்டக்காரர் அடுத்தவரின் திட்டத்துக்குப் பொருந்தாமல் போவது இயல்பே.

கோல் மட்டும் போதாது

2022-23 பருவத்தில் கிளைட்டன் சில்வா 12 கோல் அடித்தார். ஆனாலும் அணிக்கு 9-வது இடமே. 2023-24 பருவத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்காக 13 கோல் போட்டுத் தங்கக் காலணி வென்ற டயமன்டகோஸ், 2024-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அந்தப் பருவத்தின் முதல் 6 லீக் ஆட்டங்களிலும் அணி தோற்றது.

2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்றதே என்று கேட்கலாம். உண்மைதான், 12 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தேசியக் கோப்பை அது. ஆனால் அதற்கு ஆடியது 5 ஆட்டங்கள். லீக்கிலோ 22 ஆட்டங்கள். அங்கே மாற்று ஆட்டக்காரர்களின் தரம்தான் அணியைத் தாங்கும்.

செய்ய வேண்டியது என்ன?

களத்தில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவர் மட்டுமே ஆடலாம் என்ற விதி 2021-22-ல் வந்தது. அப்படியானால் மற்ற 7 பேர் இந்தியர்கள். பலம் அங்கேதான் இருக்க வேண்டும். கேரளா பிளாஸ்டர்ஸ் 2021-ல் இரவலாகக் கொடுத்த நவோரம் மகேஷ் சிங், 2023-ல் இந்திய அணிக்கே ஆடினார். இளைஞர் அணியிலிருந்து வந்த கேரளத்து விஷ்ணு, 2024-25 பருவத்தில் நம்பிக்கை தந்தார். இருவருமே பெரிய விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள் அல்லர்.

இது அந்தக் கழகத்துக்குப் புதிய பாடமும் அல்ல. பெங்களூரின் அகமது கான் உள்ளிட்ட தென்னாட்டு இளைஞர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்த காலத்தில்தான், 1949, 1950, 1951 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தை அது வென்றது.

தடுமாறும் எந்தக் கழகமும் முதலில் பயிற்சியாளரை நிலைநிறுத்த வேண்டும். அணியின் ஓட்டை எங்கே என்று கணக்கெடுக்க வேண்டும். பருவம் தொடங்கும் முன்பே அதற்கேற்ற ஆளைச் சேர்க்க வேண்டும். நட்சத்திர ஆட்டக்காரருக்குப் பணம் ஒதுக்குவது அதற்குப் பிறகுதான். அஸ்திவாரம் இல்லாத வீட்டுக்குக் கோபுரம் எதற்கு?