நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம்

நீடாமங்கலம் ரயில் சந்திப்பில் இறங்கும் அன்பர்கள் ஆலங்குடி குரு பகவானையோ, மன்னார்குடி ராஜகோபாலனையோ தரிசிக்க விரைகின்றனர். கால்நடையாகவே தலயாத்திரை சென்ற காலத்தில் இவ்வூர் தங்கிச் செல்லும் இடமாகவும் விளங்கிற்று. யாத்திரிகரை ஏற்று அன்னமிட்டது, யமுனாம்பாள் சத்திரம்.

தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் தேவியே யமுனாம்பாள். மகப்பேறின்றி வருந்திய இத்தம்பதியருக்கு அருள்புரிந்தமையால் இவ்வூர்ப் பெருமாள் சந்தானராமர் எனப் போற்றப்படுகிறார். ஊருக்கும் அரசியின் பெயரால் யமுனாம்பாள்புரம் என்றொரு பெயர் வழங்கிற்று. முத்துசுவாமி தீட்சிதர் ஹிந்தோளவசந்த ராகத்தில் பாடிய கீர்த்தனம் இப்பெருமாள்மீது அமைந்ததே.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சைச் சீமையின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. அரசை இழந்த சரபோஜி மன்னர், 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு மடல் வரைந்தார். முன்னோர் நிறுவிய சத்திர தருமம் குன்றலாகாது என்பதே அவர் கவலை. அம்மடல் கூறும் செய்திகள் நெஞ்சை உருக்குவன. சாதி பாராது வழிப்போக்கர் அனைவருக்கும் அன்னம். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் உண்டோ என அழைப்பு. நோயுற்றோருக்கு மருந்தும் பத்திய உணவும். அநாதைக் குழந்தைகளுக்குக் கல்வி, நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய்க் குளியல்கூட! சத்திரத்தில் பிரசவித்த பெண் மூன்று மாதம் வரை அங்கேயே தங்கலாம். மகவுக்காக ஏங்கிய அரசியின் பெயர் தாங்கிய சத்திரத்திற்கு இதனினும் பொருத்தமான அறம் வேறேது?

1855இல் அரசமரபு முடிவுற்றது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு நீடாமங்கலம் வழியே இருப்புப்பாதை வந்தது. பல நாள் நடந்த தூரத்தைச் சில மணி நேரத்தில் கடந்தவருக்கு இராத்தங்கலும் வேண்டியிருக்கவில்லை. சோற்றை விலைக்கு விற்பதைப் பாவமெனக் கருதிய நாட்டில், ரயிலடிகள்தோறும் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. பசித்தவர் குறையவில்லை, நடந்து வருபவரே குறைந்தனர். அவரை நம்பியிருந்த சத்திரங்களும் பொலிவிழந்தன.

சந்தானராமர் சந்நிதிக்கு மகப்பேறு வேண்டும் தம்பதியர் இன்றும் வருகின்றனர். மன்னார்குடிக்கு ரயில் மாறும் அன்பர்கள், நேரமிருப்பின் இவரையும் சேவித்துச் செல்லலாம்.