காவலுக்கு ஒரு ராஜபாளையம்



ஆண் துணையின்றிப் பிள்ளைகளோடு வாழும் வீட்டில் நாய் வெறும் செல்லப்பிராணி அல்ல. இரவில் வளவுக்குள் ஆள் அரவம் கேட்டால் முதலில் குரைத்து எழுப்புவது அதுதான். ஆகவே, காசு கொடுத்து நல்ல இனக் குட்டி வாங்க நினைப்பவர்கள் யாரிடம் வாங்குகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் விருதுநகர் மாவட்டத்து ஊரொன்றின் பெயரைக் கொண்ட இனம் இது. அம்மாவட்டத்தில் நம்மவர்கள் வாழும் மறுவாழ்வு முகாம்களும் இருப்பதால், தமிழகத்திலிருந்து திரும்பிய சிலர் இதை அறிந்திருப்பார்கள். வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, உயரமான தோற்றம். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை இந்நாயின் படத்துடன் முத்திரை வெளியிட்டது.

ஆனால் இந்த வெள்ளை நிறத்தோடு ஒரு குறையும் வரக்கூடும். உட்காதில் நிறமிக் கலங்கள் இல்லாத குட்டிகள் பிறந்து சில வாரங்களிலேயே செவிடாகிவிடும். இது பரம்பரையாக வருவது. நாய்கள் குறைவாக உள்ள இனத்தில் நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால் இத்தகைய குறைகள் பெருகும். காது கேளாத நாய் காவலுக்கு உதவாது. தூங்கும்போது பிள்ளை தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கவும் கூடும்.

எனவே வாங்குமுன் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

• தாய் நாயை நேரில் பாருங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடமும், குட்டியைக் காட்டுமுன் முற்பணம் கேட்பவரிடமும் வாங்க வேண்டாம்.

• தாயும் தகப்பனும் என்ன உறவு, முந்திய ஈற்றில் செவிட்டுக் குட்டிகள் பிறந்தனவா என்று கேளுங்கள். நேர்மையானவர் ஒளிக்காமல் சொல்வார்.

• குட்டிகள் கூட்டமாக நின்றால் செவிட்டுக் குட்டியும் மற்றவற்றைப் பார்த்து ஓடிவரும். ஆகவே ஆறு வாரங்களுக்குப் பின் குட்டியைத் தனியே விட்டு, அது காணாதபடி பின்னால் நின்று கை தட்டுங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இப்படிக் கண்டறிய முடியாது. அதற்குக் கருவிப் பரிசோதனை வேண்டும்.

• எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரித்த குட்டியை வாங்காதீர்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி எப்போது போடுவது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

• வம்சாவளிப் பத்திரம் பெற்றோர் யார் என்பதைத்தான் சொல்லும். குட்டியின் சுகத்துக்கு அது உத்தரவாதம் அல்ல.

இந்தியாவிலிருந்து நாய் கொண்டுவரக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியும் அங்குள்ள அரச மிருக வைத்தியரின் சான்றிதழும் தேவை. படகில் கள்ளமாக வந்த குட்டியை மலிவென்று வாங்கினால் நோயும் வழக்கும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம்.

வளவு அடைத்திருக்கிறதா, பகலில் யார் பார்ப்பார்கள், என்ன சாப்பாடு கொடுப்பீர்கள் என்று விற்பவர் உங்களையே விசாரித்தால் கோபிக்க வேண்டாம். முடியாவிட்டால் குட்டியைத் திருப்பித் தாருங்கள் என்பவர் இன்னும் நல்லவர். அத்தகையவர் கிடைக்கச் சில மாதங்கள் செல்லலாம், பொறுத்திருங்கள்.

காவல் மட்டுமே தேவையென்றால் அயல் வீட்டு நாட்டு நாயின் குட்டியே போதுமானது. சூட்டைத் தாங்கும், வீட்டுச் சோற்றோடு வளரும். அதற்கும் தடுப்பூசி போடுங்கள், காதையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.